மூன்று மொழிக் கல்லை நாட்டிய ஹாஜியின் மகன்

நம் மேடைகளில் சீனாவைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு செய்திகள் தவறாமல் இடம்பெறும். கல்விக்காகச் சீனா வரை போவதைப் பற்றி நபிமொழி என்ற பெயரில் வழங்கும் பிரபலமான சொல் ஒன்று. ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் கப்ர் சீனத்துக் கான்டன் நகரில் இருக்கிறது என்பது மற்றொன்று. முதலாவதன் அறிவிப்புத் தொடர் மிகப் பலவீனமானது என்று ஹதீஸ் கலை வல்லுநர்கள் சொல்லியிருக்கிறார்கள். அது இட்டுக்கட்டப்பட்டதே என்று சொன்னவர்களும் உண்டு. இரண்டாவதைப் பொறுத்த வரை, ஸஅது (ரலி) அவர்கள் மதீனாவை அடுத்த அகீக் என்னுமிடத்தில் மௌத்தாகி, பகீஃ மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டார்கள் என்பதே வரலாறு.

இதைச் சொல்வதால் சீனத்துக்கும் இஸ்லாமிய உலகுக்கும் இருந்த உறவு சிறுத்துப் போய்விடாது. அந்த உறவுக்குப் பலவீனமான செய்திகளின் துணை தேவையில்லை. கல்வெட்டுகளும் கடலடியிலிருந்து எடுத்த பொருட்களும் பயணிகளின் குறிப்புகளும் அதற்குச் சாட்சியாக இருக்கின்றன. அந்தச் சாட்சிகள் எல்லாம் ஒரு மனிதரின் வாழ்வில் வந்து கூடுவதை நாம் காண்கிறோம். அவர் பெயர் செங் ஹோ. 1405 முதல் 1433 வரை ஏழு முறை பெருங்கடல் கடந்த சீனக் கப்பற்படையின் தலைவர். மக்கா சென்று வந்த ஒரு ஹாஜியின் மகன். இன்னொரு ஹாஜியின் பேரர். அவருடைய வாழ்வில் பெருமைப்பட வேண்டியதும் உண்டு. மார்க்கம் அறிந்தவர்கள் நின்று யோசிக்க வேண்டியதும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவருக்கு முன்பே இருந்த பாதை

செங் ஹோ புதிய வழி எதையும் கண்டுபிடித்தவரல்லர். அவர் பிறப்பதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே அரபியரும் பாரசீகரும் அந்தக் கடல்வழியில் போய்வந்து கொண்டிருந்தார்கள். 1998ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே பழைய கப்பல் ஒன்று கடலடியில் கிடைத்தது. அரபிக் கடல் பகுதியின் முறைப்படி, ஆணி அறையாமல் கயிற்றால் தைத்துக் கட்டிய கப்பல் அது. அதில் ஏறத்தாழ 60,000 சீனப் பாத்திரங்கள் இருந்தன. ஒரு கிண்ணத்தில் பொறித்திருந்த சீன ஆண்டு கி.பி. 826க்குச் சமமானது. அதாவது, பக்தாதில் அப்பாஸிய கலீபா மஃமூன் ஆண்ட காலம்.

சீனத்தின் தென்கரையில் கான்டனிலும், அரபியர் ஸைத்தூன் என்றழைத்த சுவான்சௌ நகரிலும் முஸ்லிம் வணிகர்கள் குடியேறிப் பள்ளிவாசல்கள் கட்டி வாழ்ந்தார்கள். சுவான்சௌவிலுள்ள பழைய பள்ளிவாசலின் அரபிக் கல்வெட்டு, அது ஹிஜ்ரி 400இல் கட்டப்பட்டதாகச் சொல்கிறது. அது கி.பி. 1009-10. பின்னர் மங்கோலியர் சீனத்தை ஆண்டபோது தரைவழியும் திறந்தது. புகாராவிலிருந்தும் ஸமர்கந்திலிருந்தும் ஆலிம்களும் வானநூல் அறிஞர்களும் நிர்வாகிகளும் அங்கே போனார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவரே செங் ஹோவின் முன்னோர்.

ஹாஜியின் வீடு

சையிது அஜல் ஷம்சுத்தீன் உமர் என்பார் புகாராவைச் சேர்ந்தவர். குப்ளாய் கான் அவரை 1274இல் சீனத்தின் தென்மேற்கு எல்லையிலுள்ள யுன்னான் மாநிலத்துக்கு ஆளுநராக அனுப்பினார். 1279இல் மௌத்தாகும் வரை அவர் அங்கே ஆட்சி நடத்தினார். வாய்க்கால் வெட்டினார், ஏரி நீரைக் கட்டுப்படுத்தினார், பள்ளிவாசல்கள் எழுப்பினார். யுன்னானில் இஸ்லாம் வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அவருடைய வழித்தோன்றல்களில் ஒருவராக, அம்மாநிலத்தின் குன்யாங் என்னும் ஊரில் 1371இல் மா ஹோ என்ற பெயரில் பிறந்தார் பின்னாளைய செங் ஹோ. சீன முஸ்லிம்களில் பலர் சூட்டிக்கொண்ட ‘மா’ என்ற குடும்பப் பெயர், முஹம்மத் என்னும் திருப்பெயரின் முதல் ஓசையிலிருந்து வந்தது என்பர்.

தந்தையாரை ஊரார் ஹாஜி என்றே அழைத்தார்கள். அவருடைய கப்ரின் கல்வெட்டிலும் ஹாஜி என்ற சொல்லே சீன எழுத்தில் அவர் பெயராக நிற்கிறது. பாட்டனாரும் ஹாஜி. யுன்னான் மலைகளிலிருந்து மக்காவுக்குப் போய்த் திரும்புவது அந்நாளில் எத்தனை ஆண்டுப் பயணம் என்பதை எண்ணிப் பாருங்கள்! அந்த வீட்டில் ஆண் மக்கள் இருவர், பெண் மக்கள் நால்வர். தந்தையார் ஏழைகளுக்கும் ஆதரவற்றோருக்கும் இரங்கிக் கொடுத்தவர் என்று அக்கல்வெட்டு கூறுகிறது. தொலைதூரத்து நகரங்களையும், கடலையும், கஃபாவையும் பற்றிய பேச்சு அந்த வீட்டில் நடந்திருக்கும். சிறுவன் மா ஹோ அதைக் கேட்டு வளர்ந்திருப்பான்.

அந்த வாழ்வு பத்து வயதோடு முடிந்துவிட்டது. மங்கோலியரை வீழ்த்திய மிங் வம்சத்தின் படை 1381இல் யுன்னானுக்குள் நுழைந்தது. அடுத்த ஆண்டில், தம் 39ஆம் வயதில் தந்தையார் மௌத்தானார். சிறுவன் சிறைப்பிடிக்கப்பட்டான். பிடிபட்ட சிறுவர்கள் பலருக்குச் செய்ததையே அவனுக்கும் செய்தார்கள். ஆண்மை நீக்கி, அரண்மனைப் பணியாளனாக ஆக்கினார்கள். நம் ஷரீஅத் முற்றிலும் விலக்கியிருக்கும் கொடுமை அது. குழந்தைப் பேறும் இல்லறமும் அவனிடமிருந்து பறிக்கப்பட்டன. ஓதிக் கொடுக்க உஸ்தாத் இல்லை; கைப்பிடித்துப் பள்ளிக்கு அழைத்துச் செல்ல வாப்பாவும் இல்லை. இவ்விதமாக ஒரு முஸ்லிம் சிறுவன் அந்நிய அரண்மனையில் தனித்து விடப்பட்டான். அவருடைய பிற்கால வாழ்வை எடைபோடும்போது இந்தத் தொடக்கத்தை நாம் மறந்துவிடக் கூடாது.

அரண்மனையிலிருந்து கடலுக்கு

பேரரசரின் மகனான சூ டி என்ற இளவரசரின் பணிக்கு அவன் அனுப்பப்பட்டான். அங்கே கல்வியும் போர்க்கலையும் கற்று, எசமானரின் முழு நம்பிக்கையைப் பெற்று வளர்ந்தான். 1399இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் சூ டி வென்று, 1402இல் யுங் லோ என்ற பட்டத்துடன் பேரரசரானார். அந்தப் போரில் மா ஹோ ஆற்றிய பணிக்காக 1404இல் செங் என்ற குடும்பப் பெயரைப் பேரரசர் வழங்கினார். அன்று முதல் அவர் செங் ஹோ ஆனார்.

மேலைக் கடல்களின் நாடுகளுக்குப் பெரும் கப்பற்படை ஒன்றை அனுப்பப் பேரரசர் முடிவு செய்தார். தம் பெருமையை அந்நாடுகள் ஏற்க வேண்டும். தூதர்களும் திறைப்பொருளும் தம் அவைக்கு வர வேண்டும். வணிகம் அரசின் கையில் நடக்க வேண்டும் என்பவை அவர் நோக்கங்கள். தலைமை செங் ஹோவிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 34. மேலைக் கடலின் துறைமுகங்களில் பெரும்பாலானவை முஸ்லிம் ஆட்சியிலோ, முஸ்லிம் வணிகரின் செல்வாக்கிலோ இருந்தன. அங்கே பேசிப் பழக முஸ்லிம் குடும்பத்தவர் ஒருவரே ஏற்றவர் என்பதும் அத்தேர்வுக்கு ஒரு காரணமாக இருந்திருக்கக் கூடும்.

புறப்படுவதற்கு முன் அவர் செய்த காரியம் ஒன்று நெஞ்சைத் தொடுகிறது. 1405இல், அரசின் சடங்குத் துறை அமைச்சரைக் கொண்டு தம் தந்தையாருக்கு நினைவுக் கல்வெட்டு எழுதுவித்து, குன்யாங்கிலுள்ள கப்ரின் அருகே நாட்டச் செய்தார். இருபதாண்டுகளுக்கு மேல் அரண்மனையில் வாழ்ந்த பின்னும் அவர் தம்மை ஹாஜியின் மகன் என்றே உலகுக்குச் சொன்னார். 1411ஆம் ஆண்டின் இறுதியில் நேரில் ஊருக்குப் போய் அந்தக் கப்ரைக் கண்டு வந்தார் என்ற குறிப்பு அதே கல்லின் பின்புறத்தில் உள்ளது.

முதற் பயணத்தில் 62 பெருங்கப்பல்களும் 27,800க்கு மேற்பட்ட ஆட்களும் சென்றதாக மிங் வரலாற்று நூல் சொல்கிறது. மாலுமிகள், படைவீரர்கள், மருத்துவர்கள், கணக்கர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் என ஒரு நகரமே கடலில் மிதந்தது. சம்பா, ஜாவா, மலாக்கா, சுமத்ரா, இலங்கை, கொல்லம் வழியாகக் கப்பல்கள் கள்ளிக்கோட்டையை அடைந்தன. நான்காம் பயணம் முதல் ஹுர்முஸ் வரைக்கும், பின்னர் ஏடன், மகதிஷு, மாலிந்தி வரைக்கும் அவை சென்றன. நம் தாமிரபரணியின் முகத்துவாரத்தை அடுத்திருந்த காயலும் அப்படை தொட்ட துறைமுகங்களில் ஒன்றாக மிங் வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறது.

இது முற்றிலும் அமைதிப் பயணம் என்று சொல்வது மிகையாகும். 1407இல் பலெம்பாங்கின் கடற்கொள்ளைத் தலைவனைப் பிடித்து மரண தண்டனைக்கு அனுப்பினார். இலங்கையில் அழகேசுவரன் என்ற ஆட்சியாளரோடு போர் மூண்டபோது, அவரைக் குடும்பத்தோடு பிடித்து 1411இல் நான்கிங்குக்குக் கொண்டு சென்றார். பேரரசர் அவரை விடுவித்து அனுப்பினார். சுமத்ராவின் சமுத்திரா நாட்டில், அரியணைக்கு உரிமை கோரிப் போரிட்ட ஒருவரையும் பிடித்தார். ஆயினும், இத்தனை பெரிய படையோடு போன அவர் எந்த நாட்டையும் பிடித்து ஆளவில்லை; எந்த ஊர் மக்களையும் அடிமைகளாக்கிக் கப்பலில் ஏற்றவில்லை. பிற்காலத்தில் அதே கடலுக்கு வந்தவர்கள் நடந்துகொண்ட விதத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கையடித்துப் பேசிய விலை

அக்கப்பல்களில் மொழிபெயர்ப்பாளராகச் சென்ற மா ஹுவான் என்பவரும் முஸ்லிமே. சீனத்தின் கீழைக்கரையிலுள்ள சௌசிங் ஊர்க்காரர். 1413இல் தொடங்கி மூன்று பயணங்களில் சென்று, கண்டதை நூலாக எழுதினார். அவர் வாயிலாகத்தான் அக்கால வணிகம் எப்படி நடந்தது என்பது நமக்குத் தெரிகிறது.

கள்ளிக்கோட்டையில் அவர் கண்ட முறை இது. சீனக் கப்பல் வந்ததும் அரசரின் அதிகாரியும், செட்டியும், தரகரும் கூடுவார்கள். பட்டும் பீங்கானும் ஒவ்வொன்றாக விலை பேசப்படும். விலை முடிந்ததும் அனைவரும் கையோடு கை சேர்ப்பார்கள். கை சேர்த்துவிட்டால் பேச்சு முடிந்தது. பின்னர் சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அந்த விலையில் ஒரு காசும் மாறாது. மிளகுக்கும் மணிகளுக்கும் விலை பேசி முடிக்க இரண்டு மூன்று மாதங்களும் ஆகும். அந்நகரில் முஸ்லிம்கள் பலர் இருந்தார்கள் என்றும், இருபது முப்பது பள்ளிவாசல்கள் இருந்தன என்றும், அரசரின் தலைமை அதிகாரிகள் இருவரும் முஸ்லிம்களே என்றும் மா ஹுவான் எழுதுகிறார். அரசரோ முஸ்லிம் அல்லர். மாற்று மார்க்கத்து அரசர் ஒருவர் தம் கருவூலக் கணக்கை நம்பி ஒப்படைக்கும் அளவுக்கு அந்த முஸ்லிம்கள் அமானிதம் பேணியிருக்கிறார்கள்.

ஹுர்முஸ் நகரைப் பற்றி அவர் எழுதியிருப்பதையும் நம் ஜமாஅத்துகள் அறிந்திருக்க வேண்டும். அங்கே ஒரு குடும்பம் நொடித்துப் போனால், ஊரார் கூடி உடையும் உணவும் கொடுப்பதோடு, மீண்டும் தொழில் தொடங்க முதலும் கொடுப்பார்களாம். ஐவேளைத் தொழுகையும் அங்கே தவறாது நடந்தது. தொழுகையையும் ஏழையின் துயர் தீர்ப்பதையும் ஒரே ஊரில் சேர்த்துக் கண்ட அந்தப் பயணி, இரண்டையும் அருகருகே எழுதி வைத்தார்.

பொருளோடு பொருளாகக் கலையும் அறிவும் கைமாறின. பீங்கானின் நீல வண்ணத்துக்கான கோபால்ட் தாது பாரசீகத்திலிருந்து சீனத்துக்குப் போனது. அந்த நீலம் தீட்டிய வெள்ளைப் பீங்கான் மீண்டும் முஸ்லிம் நாடுகளுக்கு வந்தது. இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனையில் அவை இன்றும் பெருந்தொகையாக இருக்கின்றன. பீங்கான் என்று நாம் சொல்லும் சொல்லே பாரசீகத்திலிருந்து வந்ததாகும்; சீனச்சட்டி, சீனக்காரம் என்று நம் அடுக்களையில் வழங்கும் பெயர்களும் அந்த வணிகத்தை நினைவூட்டுபவை. நடுக்கடலில் விண்மீனின் உயரத்தை விரற்கடையால் அளப்பது அரபு மாலுமிகளின் வழக்கம். செங் ஹோவின் பயணங்களைச் சார்ந்த கடல் வரைபடத்திலும் விண்மீன் உயரம் விரற்கணக்கிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. வடக்கு நோக்கும் ஊசியைச் சீனரிடமிருந்து உலகம் பெற்றது. இப்படிக் கொடுத்தும் வாங்கியும் நடந்ததே அந்த உறவு.

காலியில் கிடைத்த கல்

இனி, நின்று யோசிக்க வேண்டிய இடத்துக்கு வருவோம். இலங்கையின் காலி நகரில் 1911இல் ஒரு கல் கண்டெடுக்கப்பட்டது. வடிகால் ஒன்றின் மேல் மூடியாகக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். புரட்டிப் பார்த்தால் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் எழுத்துக்கள்! செங் ஹோவின் மூன்றாம் பயணத்தில், 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுக் கொண்டு வந்து நாட்டப்பட்ட கல் அது. இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது.

சீனப் பகுதி புத்தரைப் போற்றிக் காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது. தமிழ்ப் பகுதி, தெவிநுவரக் கோயிலில் தெனவரை நாயனார் என்று வணங்கப்பட்ட திருமாலுக்கு அதே காணிக்கைகளைச் சொல்கிறது. பெரிதும் தேய்ந்துவிட்ட பாரசீகப் பகுதி அல்லாஹ்வின் பெயரையும் இஸ்லாத்தையும் சொல்கிறது. ஒவ்வொன்றிலும் 1,000 பொற்காசு, 5,000 வெள்ளி, 100 பட்டு என ஏறத்தாழ ஒரே பட்டியல். அக்காலத்து இலங்கைத் துறைமுகங்களில் தமிழ் எத்தனை பெரிய வணிக மொழியாக இருந்தது என்பதற்கும் இக்கல்லே சான்று.

ஒரு முஸ்லிம் இப்படிச் செய்யலாமா என்று வாசகர்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதுவும் இக்கல்லோடு முடிந்துவிடவில்லை. சீன மாலுமிகள் வணங்கிய கடல் தெய்வத்துக்கு 1431இல் செங் ஹோவின் பெயரால் கல்வெட்டுகள் நாட்டப்பட்டன. பௌத்த நூல்களை அச்சிட அவர் பொருள் கொடுத்திருக்கிறார். பௌத்தப் பெயர் ஒன்றும் அவருக்கு இருந்தது. இவற்றையெல்லாம் மறைத்துவிட்டு அவரைக் குறையற்ற இறைநேசராகக் காட்டுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம்.

அல்லாஹ் அல்லாதவருக்குக் காணிக்கை செலுத்துவது கூடாது என்பதே மார்க்கத்தின் சட்டம். அதில் பேரரசருக்கென்றும் படைத் தலைவருக்கென்றும் தனி விதி இல்லை. காலிக் கல்லில் உள்ளவை பேரரசரின் காணிக்கைகள், அவர் பெயரால் தூதர் கொண்டு வந்தவை என்று சொல்லலாம். எசமானரின் கட்டளையை மீறும் நிலையில் அந்த அடிமை இல்லை என்றும் சொல்லலாம். அவை அவருடைய நிலையை விளக்கும், சட்டத்தை மாற்றா. ஆனால் ஒரு செயலுக்குச் சட்டம் சொல்வது வேறு. ஒரு மனிதரின் ஈமானுக்குத் தீர்ப்புச் சொல்வது வேறு. முதலாவது ஆலிம்களின் கடமை. இரண்டாவதை அவர்கள் எப்போதும் அஞ்சியே அணுகியிருக்கிறார்கள். பத்து வயதில் வேரோடு பிடுங்கப்பட்ட ஒருவர், அரண்மனையின் அத்தனை சடங்குகளுக்கும் நடுவே தம் தந்தையின் மார்க்கத்தை விட்டுவிட்டாரா என்பதை அவருடைய மற்றச் செயல்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

விடாமல் பற்றிய நூல்

1413இல், நான்காம் பயணத்துக்கு முன், அவர் ஷென்சி மாநிலத்துக்குப் போய் அரபி அறிந்த மொழிபெயர்ப்பாளரைத் தேடினார். அங்குள்ள சீயான் நகரின் பள்ளிவாசல் இமாம் ஹஸன் என்பவரைத் தம்மோடு அழைத்துச் சென்றார். அப்பள்ளிவாசலின் கல்வெட்டு இதைச் சொல்கிறது. 1417இல், ஹுர்முஸுக்குப் புறப்படுமுன் ஸைத்தூன் நகரில் இறங்கி, ஊரார் பழங்கால முஸ்லிம் நல்லடியார்களுடையவை எனப் போற்றும் கப்ருகளுக்குச் சென்று ஜியாரத் செய்தார். அதையும் அங்கே ஒரு கல் பதிவு செய்திருக்கிறது. 1430இல், நான்கிங் நகரின் பள்ளிவாசல் தீயில் பாழ்பட்டபோது, அதைப் புதுப்பிக்க வேண்டுமென்று பேரரசரிடம் முறையிட்டு அனுமதி பெற்றார். தமக்கென்று பிள்ளை இல்லாத அவர் தம் தமையனின் மகனையே தம் மகனாக வளர்த்தார். அந்த வழியில் வந்தவர்கள் முஸ்லிம்களாகவே வாழ்ந்தார்கள்.

இமாம் ஒருவரைத் துணைக்கு அழைத்ததும், இடிந்த பள்ளிவாசலுக்காகப் பேரரசரின் முன் நின்றதும், தமையன் மகனைத் தம் வீட்டில் வளர்த்ததும் அரசு ஆணைக்காக மட்டும் செய்தவையாகத் தோன்றவில்லை. சிறு வயதில் காதில் விழுந்த பாங்கொலி அவருடைய நெஞ்சில் இருந்துகொண்டே இருந்தது என்றுதான் எண்ணத் தோன்றுகிறது.

கடைசிப் பயணம்

யுங் லோ பேரரசர் 1424இல் இறந்தார். செலவு மிகுதி என்று கருதிய அமைச்சர்கள் கடற்பயணங்களை எதிர்த்தார்கள். செங் ஹோ நான்கிங்கில் தங்க வைக்கப்பட்டார். அடுத்து வந்த பேரரசர்களில் சுவாந்தே என்பவர் 1430இல் மீண்டும் ஆணையிட்டதால் ஏழாம் பயணம் புறப்பட்டது. செங் ஹோவுக்கு அப்போது அறுபது வயதை நெருங்கிக் கொண்டிருந்தது.

ஹிஜ்ரி 835இல், அதாவது 1432இல், சீனக் கப்பல்கள் ஏடனுக்கு வந்ததை எகிப்திய வரலாற்றாசிரியர் மக்ரீஸி குறித்து வைத்திருக்கிறார். யமனில் குழப்பம் நிலவியதால் சரக்கு விலைபோகவில்லை. கப்பல் தலைவர்கள் மக்காவின் ஷரீபுக்கும் ஜித்தாவின் அதிகாரிக்கும் கடிதம் எழுதி, ஜித்தாவுக்கு வர அனுமதி கேட்டார்கள். செய்தி கெய்ரோவுக்குப் போயிற்று. அவர்களை வரவேற்றுக் கண்ணியமாக நடத்துமாறு மம்லூக் சுல்தான் பர்ஸ்பாய் ஆணையிட்டார்.

அதே பயணத்தில் நடந்த இன்னொரு நிகழ்ச்சியை மா ஹுவான் எழுதியிருக்கிறார். கள்ளிக்கோட்டையிலிருந்து மக்காவுக்கு ஒரு கப்பல் புறப்படுவது தெரிந்ததும், மொழிபெயர்ப்பாளர் முதலான ஏழு பேரைத் தேர்ந்து, கஸ்தூரியும் பீங்கானும் கொடுத்து அதில் அனுப்பினார்கள். போய்த் திரும்ப ஓராண்டு ஆயிற்று. அவர்கள் அரிய பொருட்களையும் விலங்குகளையும் வாங்கி வந்தார்கள். அவற்றோடு, கஃபத்துல்லாஹ்வை உள்ளபடி வரைந்த படம் ஒன்றையும் கொண்டு வந்தார்கள். அப்படம் சீனத் தலைநகரை அடைந்தது.

அந்த ஏழு பேரில் செங் ஹோ இல்லை. பாட்டனாரும் தந்தையாரும் மலையும் பாலையும் கடந்து கண்ட அந்த ஆலயத்துக்கு, உலகின் மிகப் பெரிய கப்பற்படையின் தலைவரான மகனால் போக முடியவில்லை. தம் ஆட்களைப் பாதி உலகம் தாண்டி ஏடனுக்கும் ஜித்தாவுக்கும் அனுப்பியவர் அவர். ஆனால் பிறர் ஆணைக்குக் கட்டுப்பட்ட வாழ்வில் எங்கே போவது, எங்கே நிற்பது என்பதும் பிறர் கையிலேயே இருந்தது. 1433இல், திரும்பும் வழியில் கள்ளிக்கோட்டையில் அவர் மௌத்தானார் என்பது பரவலான கருத்து. நான்கிங்கில் 1435இல் என்பாரும் உண்டு. நான்கிங்குக்குத் தெற்கே நியூஷௌ மலையடியில் அவருக்கு ஒரு கப்ர் இருக்கிறது. 1985இல் அதை இஸ்லாமிய முறையில் புதுப்பித்து, மேலே அரபியில் தக்பீரைப் பொறித்திருக்கிறார்கள். அதனுள் உடல் இல்லை, ஆடைகளே அடக்கம் செய்யப்பட்டன என்று சொல்வதுண்டு.

அவருக்குப் பின் சீனப் பேரரசு அத்தகைய படையை அந்தக் கடலுக்கு அனுப்பவில்லை. 65 ஆண்டுகள் கழித்து, 1498இல், வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தார். கையடித்து விலை பேசிய துறைமுகத்தில் பீரங்கி பேசத் தொடங்கிய காலம் அது.

நாம் பெற வேண்டியது

செங் ஹோவின் வாழ்வில் நமக்குப் பெருமை தருவது கப்பல்களின் எண்ணிக்கையன்று. அந்தக் கடல்வழி நெடுகிலும் வாக்குத் தவறாத வணிகர்களும், ஏழையைக் கைவிடாத ஊர்களும், தொழுகை நடத்திய பள்ளிவாசல்களும் இருந்தன என்பதே பெருமை. அவற்றைக் கண்டவர்கள் இஸ்லாத்தை அறிந்து கொண்டார்கள். நம் கடைகளில் பேசிய விலை நிற்கிறதா, கொடுத்த தவணை நிற்கிறதா என்பதை நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெற்றோருக்கும் இதில் படிப்பினை உண்டு. குன்யாங்கின் ஹாஜிக்குத் தம் மகனை வளர்க்கப் பத்து ஆண்டுகளே கிடைத்தன. அந்தப் பத்து ஆண்டுகளில் ஊட்டியது, ஐம்பதாண்டு அரண்மனை வாழ்வாலும் முற்றாகக் கழுவப்பட்டுவிடவில்லை. நம் பிள்ளைகளுக்கு அதைவிட அதிகமான காலம் நம் நிழல் கிடைக்கிறது. அக்காலத்தில் நாம் அவர்கள் நெஞ்சில் எதை இடுகிறோம்?

மூன்று மொழியில் கல் நாட்டியவரின் குறைகளைக் கருணையாளனான அல்லாஹ் அறிவான். அவர் மனத்தில் இருந்ததையும் அவனே அறிவான். அவருடைய நற்செயல்களை அவன் ஏற்று, பிழைகளைப் பொறுத்தருள்வானாக! கடல் கடந்து பிழைக்கப் போகும் நம் சகோதரர்கள் எங்கிருந்தாலும் அவர்களுடைய ஈமானையும் அமானிதத்தையும் காத்தருள்வானாக! ஆமீன்.